பஞ்சக் கால்வாய்மேல் பறக்கும் ரயில்: திருமயிலை நிலையத்தின் வரலாறு

யூபிலி மலரில் ஆலயம் எழும்பிய கதையும், பங்கை வளர்த்த குருக்களின் வரிசையும் இடம்பெறுவது மரபு. நாம் ஈண்டு கூறப் புகுவது ஒரு ரயில் நிலையத்தின் வரலாறு. அதுவும் நமது ஜோலார்பேட்டைச் சந்திப்பின் வரலாறு அன்று. சென்னை மயிலாப்பூரில், பக்கிங்காம் கால்வாயில் ஊன்றிய தூண்களின்மேல் நிற்கும் திருமயிலை நிலையத்தின் வரலாறு.

"இது நமக்கு எதற்கு?" என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. நமது ஊர் ரயிலால் பிறந்து ரயிலால் வளர்ந்த ஊர். டிரைவராகவோ, கார்டாகவோ, கேங்மேனாகவோ உழைத்த ஒருவரின் பெயர் பேசப்படாத தெரு இங்கு அரிது. ஆகவே ரயிலைப்பற்றிய எந்தச் செய்தியும் நமக்கு அயலார் செய்தி அன்று. இரண்டாவதாக, அப்போஸ்தலர் தோமையார் கல்லறையின்மேல் எழுந்த சாந்தோம் பேராலயத்தையும், 'காட்டுக்கோயில்' என்று மக்கள் அழைக்கும் லஸ் பிரகாச மாதா ஆலயத்தையும் தரிசிக்கச் செல்வோருக்கு இந்நிலையம் ஒரு வாயிற்படி. மூன்றாவது காரணமே முக்கியமானது. அந்த நிலையத்தின் அடியில் ஓடும் கால்வாயை வெட்டியது தாது வருஷப் பஞ்சம். அதே பஞ்சத்தில்தான் நமது ஊர்த் தண்டவாளமும் தன் முதல் பெரும் சோதனையைக் கண்டது.

நமது சந்திப்பு

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அங்கிருந்து பாலாற்றங்கரை வழியே மேற்கு நோக்கிச் சென்ற பாதை, 1862-ல் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர்க் கடற்கரையை எட்டியது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. அன்று முதல் இது சந்திப்பாயிற்று. மலையடிவாரச் சிற்றூர், மூன்று திசைக்கும் வண்டி மாறும் இடமாயிற்று. பின்னர் நீராவி இஞ்சின்களின் கொட்டகையும், ஊழியர் குடியிருப்புகளும், அவற்றைச் சுற்றிப் பள்ளிகளும் ஆலயங்களும் தோன்றின.

தாது வருஷம்

1876-ஆம் ஆண்டு தாது வருஷம். பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் வானம் இரங்கவில்லை. சென்னை மாகாணத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் மாண்டோர் தொகை பல இலட்சம். அந்நாளில் நமது திருப்பத்தூர் தாலுகா சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பஞ்சம் மிகக் கொடுமையாகத் தாக்கிய ஜில்லாக்களில் சேலமும் ஒன்று.

மைசூர்ச் சீமைக்கு அன்றிருந்த ஒரே ரயில்பாதை ஜோலார்பேட்டையிலிருந்து பிரிந்த பெங்களூர்ப் பாதையே. ஆகவே, கப்பலில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, ரயில் வழியே மைசூருக்குப் போன தானியம் அனைத்தும் நமது சந்திப்பைக் கடந்தே சென்றது. மூட்டை மூட்டையாய் அரிசி கண்முன்னே போக, அதை வாங்கக் கையில் காசில்லாமல் மக்கள் மடிந்த காலம் அது. தானியம் இல்லாமையைவிட, வாங்கும் சக்தி இல்லாமையே பலரைக் கொன்றது எனலாம்.

அரசாங்கம் நிவாரண வேலைகளைத் தொடங்கியது. மண் வெட்டினால், கல் உடைத்தால் கூலி. 1877-ன் தொடக்கத்தில் மேலிடத்திலிருந்து வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசுமே போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ், நாள் முழுதும் உழைப்பவனுக்கு ஒன்றரை பவுண்டாவது வேண்டும் என்று வாதாடினார். அரைப் பவுண்டு அரிசியைப் பற்றிய இந்த வழக்கில் எத்தனை உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பட்டினி கிடந்தோர் சுற்று ஜில்லாக்களிலிருந்து சென்னைப் பட்டணத்தை நோக்கி நடந்தனர். பட்டணத்திலும் அவர்களுக்கு மண் வேலையே காத்திருந்தது. வடக்கே எண்ணூரை நோக்கி 1806-ல் பாசில் காக்ரேன் என்பவர் வெட்டிய உப்புநீர்க் கால்வாய் ஒன்று முன்பே இருந்தது. தெற்கே அடையாற்றிலிருந்தும் ஒரு கால்வாய் சென்றது. இவ்விரண்டையும் நகருக்குள் இணைக்க, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் எட்டுக் கிலோமீட்டர் நீளத்துக்கு 1877, 1878 ஆண்டுகளில் பஞ்ச நிவாரண வேலையாகப் புதுக் கால்வாய் வெட்டப்பட்டது. ஆண்கள் வெட்ட, பெண்களும் பிள்ளைகளும் கூடையில் மண் சுமந்தனர். வேலை முடிந்ததும், அன்று கவர்னராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

படகு போன காலம்

இந்தக் கால்வாய் வீணாகவில்லை. ஆந்திரக் கரையின் பெத்த கஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் தூரம் படகுகள் சென்றன. நெல், உப்பு, விறகு, சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் நீர் வழியே பட்டணம் சேர்ந்தன. காற்று ஒத்துழைத்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். மயிலாப்பூரில் சரக்கு இறங்கிய இடத்தருகே தோன்றிய சந்தைக்குத் 'தண்ணீர்த்துறை மார்க்கெட்' என்று பெயர். படகு மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை.

லாரி வந்தது; படகு குறைந்தது. 1960-களின் புயல்களும் 1976-ன் புயலும் கால்வாயைப் பல இடங்களில் தூர்த்தன. நகரின் சாக்கடை அதில் விடப்பட்டது. போக்கிடமற்ற ஏழைகள் அதன் கரைகளில் குடிசை போட்டு வாழ்ந்தனர். முன்னோர் பட்டினியில் வெட்டிய கால்வாயின் கரையே பின்வந்த ஏழைகளுக்கும் புகலிடமாயிற்று.

ரயில் இல்லாத மயிலை

சென்னை மாநகர் வண்டிப் போக்குவரத்தில் முன்னோடி. இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதல் ஓடிய நகரம் அதுவே. 1895 மே மாதம் தொடங்கிய டிராம், மயிலாப்பூர் வாசிகளையும் ஏற்றிச் சென்றது. 1953 ஏப்ரலில் அது நின்றுபோயிற்று. 1931-ல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. ஆனால் அது எழும்பூர், மாம்பலம் என்று நகரின் மேற்குப் பக்கமாகச் சென்றது. கடலோரமாக நெருங்கி அமைந்த திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், அடையாறு பகுதிகளுக்கு ரயிலே இல்லை. டிராமும் போன பிறகு பஸ்ஸே கதி.

இக்குறையைப் போக்க, ரயில்வே துறை 1971-ல் சென்னையில் பெருநகர் போக்குவரத்துக்கென்று தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தி ஆய்வு தொடங்கியது. 1980-களில்தான் அனுமதி கிடைத்தது. மயிலாப்பூரின் குறுகிய தெருக்களில் ரயில்பாதைக்கு இடம் ஏது? பொறியாளர்களின் கண்ணில் பட்டது பக்கிங்காம் கால்வாய். அது அரசாங்கப் புறம்போக்கு. வீடுகளையும் கடைகளையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கால்வாய்க்குள்ளேயே தூண் ஊன்றி, தூண்மேல் பாதை போடுவது என்று முடிவாயிற்று. நீரோட்டம் தடைப்படும் என்று எச்சரித்தோர் உண்டு. ஆயினும் திட்டம் நடந்தேறியது.

பறக்கும் ரயில்

கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பர் முதல் தேதி முதல் ரயில் ஓடியது. 1997 அக்டோபர் 19 அன்று பாதை திருமயிலையை அடைந்தது. பூங்கா நகர் வரை தரையில் வந்து, பிறகு மேலேறி, மாடி வீடுகளின் உயரத்தில் செல்லும் இந்த வண்டிக்கு மக்களே பெயர் சூட்டினர்: 'பறக்கும் ரயில்'. அதிகாரிகள் வைத்த நீண்ட ஆங்கிலப் பெயரை இன்றும் யாரும் சொல்வதில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு மேலாகத் திருமயிலையே கடைசி நிலையமாக இருந்தது. 2004 ஜனவரி 26-ல் திருவான்மியூர் வரையும், 2007 நவம்பர் 19-ல் வேளச்சேரி வரையும் பாதை நீண்டது. மொத்த நீளம் 19 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். திருமயிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவே முண்டகக்கண்ணியம்மன் கோவில் நிலையம் 2014-ல் திறக்கப்பட்டது.

நமது பங்கு மக்கள் வழி அறிய விரும்பலாம். ஏலகிரி எக்ஸ்பிரஸில் சுமார் 214 கிலோமீட்டர் பயணம் செய்து சென்ட்ரலில் இறங்கினால், சாலைக்கு எதிர்ப்புறம் பூங்கா நகர் நிலையம் உள்ளது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் வியாபாரிகளுக்குப் பழக்கமான பெரியமேடும் அங்கிருந்து தொலைவன்று. அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோவில், அடுத்தது திருமயிலை. லஸ் முனையிலிருந்து சிறிது மேற்கே நடந்தால், கல்வெட்டு 1516 என்று கூறும் காட்டுக்கோயில். கிழக்கே கச்சேரி ரோடு வழியே கடலை நோக்கிச் சென்றால், 1896-ல் இன்றைய வடிவில் எழும்பிய சாந்தோம் பேராலயம். பாதையை வேளச்சேரிக்கு அப்பால் பரங்கிமலை வரை கொண்டுசெல்லும் வேலை 2008-ல் தொடங்கி, நில எடுப்புத் தகராறுகளால் பல்லாண்டு தடைப்பட்டது. தோமையார் அடக்கமான இடத்தையும் அவர் இரத்தம் சிந்திய மலையையும் ஒரே ரயில் இணைக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் பயன்களில் ஒன்று.

ஏன் கூட்டம் இல்லை?

திருமயிலை நிலையத்தைக் கண்டோர் அதன் பருமனைக் கண்டு வியப்பர். மாபெரும் கட்டடம், அகன்ற கூடங்கள், உயர்ந்த கூரை. ஆனால் தொடக்க ஆண்டுகளில் வண்டிகள் பெரும்பாலும் காலியாகவே ஓடின. கூடங்களில் இருள். படி ஏறுவதே முதியோருக்குப் பெரும்பாடு. இரவில் தனியே வரப் பெண்கள் அஞ்சினர். பஸ் நிற்கும் இடத்துக்கும் ரயில் நிற்கும் இடத்துக்கும் தொடர்பு சரிவர அமையவில்லை. 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டு, 2004-ல் ரயிலும் அப்பக்கம் சென்ற பிறகே கூட்டம் பெருகியது.

இதன் காரணத்தை ஆராய்வோர் வேறொரு கடற்கரை நகரைப் பார்ப்பது நலம். பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா மாநகரில் 1984 டிசம்பரில், தூண்களின்மேல் செல்லும் இலகு ரயில் தொடங்கியது. அன்று அதன் தெற்கு முனையாக இருந்தது பக்லரான் என்னும் பகுதி. அங்கே சதா சகாய மாதாவின் திருத்தலம் உள்ளது. புதன்கிழமைதோறும் நவநாளுக்குத் திரளும் கூட்டம் உலகப் பிரசித்தம். மணிலாவில் தூண்களை ஊன்றியது நகரின் முக்கியத் தெருக்களின் நடுவே. மக்கள் எங்கே நடந்தார்களோ அங்கேயே படிகள் இறங்கின. சென்னையில் தூண்களை ஊன்றியது கால்வாயில், அதாவது வீடுகளின் கொல்லைப்புறத்தில். இடம் எளிதாகக் கிடைத்தது. மக்கள் எளிதாக வரவில்லை. ஒன்று மக்கள் இருந்த இடத்துக்கு ரயிலைக் கொண்டுவந்தது. மற்றது நிலம் சும்மா இருந்த இடத்துக்கு ரயிலைக் கொண்டுபோயிற்று. வேறுபாடு இதுவே.

ஆயினும் நிலையம் பயனற்றது என்று கூறுவோர் கூற்றை நாம் ஏற்க மாட்டோம். நெடுங்காலம் ஐந்து ரூபாயே குறைந்த கட்டணமாக இருந்த வண்டி இது. வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார், கடைச் சிப்பந்திகள், கல்லூரி மாணவர் ஆகியோருக்கு அந்த ஐந்து ரூபாயின் அருமை தெரியும். 2023 ஆகஸ்டு இறுதியில், புதிய பாதை போடும் வேலைக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. 2024 அக்டோபர் இறுதியில்தான் மீண்டும் ஓடியது. அந்த 14 மாதங்களில், சென்ட்ரலில் இறங்கியோர் சிந்தாதிரிப்பேட்டைவரை வேறு வண்டி தேடி அலைந்தனர். இருந்தபோது காலி என்று ஏளனம் செய்யப்பட்ட ரயிலின் அருமை, இல்லாதபோது புலனாயிற்று.

கரையோரத்தார்

வரவு எழுதினால் செலவும் எழுத வேண்டும். கால்வாய் நிலம் 'சும்மா கிடந்த நிலம்' என்று மேலே கூறினோம். காகிதத்தில்தான் அது சும்மா கிடந்தது. கரைகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. ரயிலுக்காகவும் கால்வாய்ச் சீரமைப்புக்காகவும் கரையோரக் குடிசைகள் அகற்றப்பட்டன. 2000-க்குப் பின் மாநகரின் நீர்க்கரைகளிலிருந்து அகற்றப்பட்டோர் பலர், நகரின் தென்கோடியிலுள்ள கண்ணகி நகர் போன்ற குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். மயிலாப்பூரில் நடந்து வேலைக்குச் சென்ற பெண், இப்போது பல மைல் தூரம் பஸ்ஸில் வர வேண்டும். அவள் குடிசை இருந்த இடத்தின்மேல் ரயில் ஓடுகிறது; அவள் இன்று குடியிருக்கும் இடத்துக்கு அது போகவில்லை.

கால்வாயும் தன் பங்கைச் செலுத்தியது. தூண்களாலும் நிலையங்களின் அடித்தளங்களாலும் அதன் அகலம் பல இடங்களில் சுருங்கிவிட்டது. மழைநீர் கடலுக்குச் செல்லும் வழி குறுகினால் நகரம் தவிக்கும் என்பது எவருக்கும் விளங்கும்.

நீரைப்பற்றிப் பேசுகையில் நமது ஊர் செய்த உதவியை மறத்தல் ஆகாது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 அன்று, ஜோலார்பேட்டையிலிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீரை ஏற்றிய முதல் ரயில் வில்லிவாக்கத்தை அடைந்தது. 50 தொட்டி வாகன்களில் 25 இலட்சம் லிட்டர். மழை வரும்வரை அச்சேவை நீடித்தது. 1877-ல் கடற்கரையிலிருந்து வறண்ட உள்நாட்டுக்கு அரிசி சென்ற அதே பாதையில், 142 ஆண்டுகளுக்குப் பின் உள்நாட்டிலிருந்து வறண்ட கடற்கரைக்குத் தண்ணீர் சென்றது. நம்மிடமும் மிச்சம் இருந்ததால் கொடுக்கவில்லை. நமது தாய்மாரும் குடத்தோடு வரிசையில் நின்ற காலம்தான் அது. ஆகவே அதைக் கடன் தீர்த்தல் என்று கூறினும் பொருந்தும்.

நமது சிறு ரயில்

ஒரு ரயில் வாழ்வதும் மடிவதும் எதனால் என்பதற்கு நமது அருகிலேயே சான்று உண்டு. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகலப் பாதையில் 1905 முதல் ஒரு சிறு ரயில் ஓடியது. பஞ்சம் வந்தால் உள்கிராமங்களுக்குத் தானியம் கொண்டுசெல்ல வேண்டும் என்ற நோக்கோடு போடப்பட்ட பாதை அது. தாது வருஷத்தில் கற்ற பாடத்தின் பயன் எனலாம். நீளம் சுமார் 25 மைல். பஸ்கள் பெருகின, வருமானம் குறைந்தது. 1941-ல், உலகப் போரின் நடுவே, பாதை மூடப்பட்டது. பஞ்சத்தை நினைத்துப் போட்டதைக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எடுத்தார்கள். எடுத்த பாதை மீண்டும் வரவில்லை. கிருஷ்ணகிரி மக்கள் தலைமுறை தலைமுறையாக ரயில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆகவே, காலியாக ஓடுகிறது என்பதற்காக ஒரு ரயிலை வெறுத்தல் தகாது. ஏன் காலியாக ஓடுகிறது என்று கேட்டு, படியைச் சீராக்கி, விளக்கேற்றி, பஸ்ஸை அருகே நிறுத்தி, மக்களை வரச்செய்தலே அறிவு. பறக்கும் ரயிலை மெட்ரோ ரயிலோடு இணைப்பது பற்றிய பேச்சும் நெடுநாளாக நடந்துவந்துள்ளது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத் திட்டத்தில் இரு பாதைகள் சந்திக்கும் சுரங்க நிலையமும் திருமயிலைக்கே குறிக்கப்பட்டது. வானத்தில் ஒன்று, பாதாளத்தில் ஒன்று என இரு நிலையங்கள் அமைந்தாலும், இரண்டுக்கும் நடுவே தரையில் நடப்பவனை மறவாதிருந்தால் நலம்.

முடிவுரை

திருமயிலை நிலையத்தின் வரலாற்றை மூன்று படிகளில் கூறினோம். பசித்தவர்கள் கால்வாய் வெட்டினர். போக்கிடமற்றவர்கள் அதன் கரையில் வாழ்ந்தனர். பிறகு அதன்மேல் ரயில் வந்தது. முதலாமவரின் பெயர் எழுதப்படவில்லை. இரண்டாமவர் அகற்றப்பட்டனர். மூன்றாவதாக வந்த ரயிலில் ஏறும் நாமாவது இவ்விருவரையும் நினைத்தல் கடன்.

யூபிலி என்ற சொல்லின் பொருளும் இதுவே. ஐம்பதாம் ஆண்டில், நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று லேவியர் ஆகமம் கூறுகிறது. விழாவும் விருந்தும் அதற்குப் பிறகே. யூபிலி கொண்டாடும் நமது பங்கு மக்கள் அடுத்த முறை சாந்தோமுக்கோ காட்டுக்கோயிலுக்கோ செல்லும்போது, திருமயிலையில் இறங்கிப் படிக்கட்டில் ஒரு நொடி நின்று கீழே பார்ப்பார்களாக. அங்கே கறுத்து ஓடுவது சாக்கடை அன்று. நம் முன்னோர் காலத்துப் பசி வெட்டிய வழி. அதன் கரையில் இன்னும் எவரேனும் வாழ்ந்தால், அவரும் நமது அயலாரே.